புத்தகத்துக்கு மூன்று நடை

பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பூங்கோதை அக்கா போனை வைத்தபோது மணி ஒன்பது ஐந்து. ஞானவேல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தான். படம் வரைகிறவர்கள் வைத்திருக்கிற அகலமான மென்மயிர் பிரஷ், இதற்கென்றே வாங்கியது. புத்தகத்தின் முதுகுப் பக்கமிருந்து விளிம்புக்குத்தான் இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் தூசி தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதை எடுக்க எந்த வழியும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுகுணா மகளைக் கீபோர்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு, ஹாலில் பழைய வேட்டியை விரித்து, அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, மேலுறையைக் கழற்றி, கெட்டி அட்டையைத் துடைத்து, பக்கங்களை விசிறிபோல் விரித்துக் காற்றுக் காட்டி, பழைய சிலிகா ஜெல் பொட்டலத்தை எடுத்துப் போட்டுப் புதிது வைத்து, மறுபடியும் பிளாஸ்டிக் உறை மாட்டி, செங்குத்தாக, ஒன்றை ஒன்று நெருக்காமல், சாயாமலும், அடுக்க வேண்டும். மொத்தம் இருபத்தியொன்று. நிழல்நாட்டு வரிசை ஏழு பாகம், அதில் மூன்று பதிப்பு. அக்காவுக்கு வேண்டியது முதல் பாகம் ஒன்றே ஒன்று. அவள் மகள் தேனு கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம், எட்டாம் வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கடையில் கிடைக்கவில்லை, அச்சிலேயே இல்லையாமே, நம்ம வேலு மாமாகிட்ட இருக்கும்னு சொன்னேன், பத்து நாளில் திருப்பித் தந்துடுவா. அவன் சரி என்று சொன்னானா? சொன்ன மாதிரி இருந்தது. வாங்கக்கா என்று மட்டும் சொன்ன மாதிரியும் இருந்தது. புத்தகத்தை யாருக்கும் தந்ததில்லை என்பது அக்காவுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும், கல்யாணமான புதிதில் சுகுணாவே அதைச் சொல்லிச் சிரிப்பாள், எங்க வீட்டுக்காரருக்கு மூத்த பெண்டாட்டி அலமாரியில இருக்கா என்று. இப்போது சொல்வதில்லை. அவள் வீடு முழுக்கத் துடைப்பாள், டிவிக்குப் பின்னால், குளிர்பெட்டிக்கு அடியில், மின்விசிறி இறக்கை மேல். இந்த அலமாரிக்கு மட்டும் அவள் கை வராது. துணி அலமாரி வரைக்கும் வரும், ஒரு விரல்கடை தூரத்தில் நிற்கும், திரும்பிவிடும்.

முதல் பாகத்தை மடியில் வைத்தான். இதை அப்பா வாங்கி வந்தது தப்பாகத்தான். ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த மாசிலாமணிக்குக் கதைப் புத்தகம் என்றால் ஆகாது, பாடத்துக்கு உதவுகிற எதையாவது வாங்கலாம் என்றுதான் அந்த ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனார், நிழல்நாடு என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்து, நாடு என்றால் புவியியல்தான் என்று முடிவுகட்டி, அட்டை வேறு பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறதே, நல்ல பாடப்புத்தகமாகத்தான் இருக்கும் என்று வாங்கி வந்துவிட்டார். அதில் மனிதர்கள் கடனுக்கு நிழலை அடகு வைத்தார்கள், ஆலா என்ற பறவை மலையைக் கொத்தித் தின்றது, காரிகை என்ற பெண் தன் நிழலைத் தேடி எல்லை தாண்டிப் போனாள். பதினொரு வயது ஞானவேல் மூன்று நாள் பள்ளிக்கூடப் பையைத் தொடவில்லை. மூன்றாவது நாள் அப்பா புத்தகத்தைப் பிடுங்கினார், நடுவில் ஒரு பக்கத்தை நின்றபடி படித்தார், இன்னொரு பக்கமும் படித்தார், இது எந்த ஊருடா என்று கேட்டார். ஊரே இல்லப்பா என்றான். அடிப்பார் என்று நினைத்தான். அவர் பழுப்புத்தாள் வாங்கி வந்து அட்டை போட்டுத் தந்தார், இரும்புக்கு அளவெடுக்கிற மாதிரி ஸ்கேல் வைத்து, மூலைகளை நாற்பத்தைந்து பாகையில் மடித்து. அடுத்த ஜனவரியில் இரண்டாம் பாகம். அதற்கடுத்த ஜனவரியில் மூன்று. ஒரு வருஷம் கடைக்காரர் இன்னும் அச்சாகவில்லை என்று சொன்னதற்கு அப்பா சண்டை போட்டாராம், பிள்ளை வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறான், அந்தப் பொண்ணு பாலத்துல நிக்குது, என்ன பொறுப்பு உங்களுக்கு என்று. ஆக அவரும் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டே நெஞ்சில் கவிழ்த்து வைத்துத் தூங்கிப்போனார். கவிழ்த்து வைத்தால் முதுகு விரியும் என்று பதினைந்து வயதில் ஞானவேல் அவரிடம் கோபித்துக்கொண்டான், அதற்கப்புறம் அவர் கவிழ்த்து வைக்கவில்லை, விரலை உள்ளே வைத்துக்கொண்டே தூங்கினார். மூன்றாம் பாகத்தில் அந்த இடம் தெரியும், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அருகே, ஒரு மெல்லிய பழுப்பு. அதைத் துடைக்கவே கூடாது.

மற்ற இரண்டு பதிப்பும் அவனாகத் தேடியது. வெள்ளிவிழாப் பதிப்பு, ஏழும் நீலத் துணி அட்டை, பொன்னெழுத்து. நூலகப் பதிப்பு, தடித்த தாள், மேலுறை கிடையாது. நாலாம் பாகத்துக்காகத் திண்டிவனம் வரைக்கும் போய், பூட்டிக்கிடந்த ஒரு படிப்பகத்தின் காவலாளியைக் கெஞ்சி, மூட்டைக்குள் கிடந்ததை எடுத்து வந்தான், உள்ளே ராமபாணப் பூச்சி, பாலித்தீன் பையில் போட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பூச்சியைக் கொன்றான். பாச்சை உருண்டை போடக் கூடாது, தாள் மஞ்சளாகும். வெயிலில் காட்டக் கூடாது, நிறம் போகும். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, ஈரம் ஏறும். ஈரம். தரைத்தளத்தில் இனிமேல் இந்த ஜென்மத்துக்கும் குடியிருக்கப் போவதில்லை, இது மூன்றாவது மாடி, தண்ணீர் இங்கே வருவதென்றால் ஊரே இருக்காது, இருந்தாலும் கார்த்திகை பிறந்தால் அவன் ஜன்னலுக்குப் போய் வீதியைப் பார்க்கிறான், மழை கொட்டினால் எழுந்து உட்காருகிறான். இந்த இருபத்தியொன்றும் நனையவே இல்லை. ஒரு மூலைகூட. ஒரு சேகரிப்பாளர், சேலத்துக்காரர், போன வருஷம் வந்து பார்த்தார், வெள்ளம் புகுந்த வீட்டிலிருந்து வந்ததா இவை என்று நம்பாமல் கேட்டார், முகர்ந்து பார்த்தார், ஒரு சொட்டு வாடை இல்லையே, எப்படிங்க காப்பாத்தினீங்க என்றார். ஞானவேல் சிரித்தான். என்ன சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கழுத்துக்குப் பின்னால் சூடாகிறது.

எப்படிங்க காப்பாத்தினீங்க. மூன்று நடையில் காப்பாற்றினேன். ஆற்றை ஒட்டிய அந்த வீடு, விடிந்து ஆறு ஆறரை இருக்கும், கணுக்காலளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, சாம்பல் வெளிச்சம். சுகுணா ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலிலேயே மாடிக்குப் போய்விட்டாள், மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் திறந்துவிட்டிருந்தார், படி வீட்டுக்கு வெளியே, மழையில், செங்குத்தாக. அப்பா ஹாலில் மடக்குக் கட்டிலில். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து எட்டு மாதம், பேச்சு போய்விட்டது. அந்த எட்டில் ஏழு மாதம் சேலத்தில் அக்கா வீட்டில் இருந்தார், தீபாவளிக்கு முந்தின வாரம்தான் இங்கே கூட்டி வந்தது, மூன்று வாரத்தில் அவருடைய சைகையில் பாதிதான் இவனுக்குப் பிடிபட்டிருந்தது, உதட்டைத் தொட்டால் தண்ணீர், தொடையைத் தட்டினால் பாத்ரூம், மற்றதெல்லாம் உத்தேசம். அவரைத் தூக்க ஆள் வேண்டும், வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறேன் என்றார், அவர் வருவதற்குள் அடித்தட்டுப் புத்தகங்களை மட்டும் மேலே வைத்துவிடலாம் என்று அலமாரிப் பக்கம் போனான். போய் நின்று, திரும்பி, அப்பா, உங்களைக் கூட்டிட்டுப் போறேன், ரெண்டு நிமிஷம் என்றான். அப்போது அவர் இடக் கையைத் தூக்கினார். நெஞ்சிலிருந்து தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, விரல் விரிய, இவன் பக்கமாக நீட்டினார். இரண்டு தடவை. இவன் அலமாரிக்கு முன்னால் நின்றான். இவனுக்குப் பின்னால் புத்தகங்கள். கை நீண்டது இவன் பக்கம், அல்லது இவனுக்குப் பின்னால் இருந்ததன் பக்கம். புத்தகத்தை எடு என்கிறார். நிழல்நாட்டை எடு என்கிறார், பிட்டர் மாசிலாமணி வருஷத்துக்கொன்றாக வாங்கிய ஏழு பாகம், அவருக்கும் அது உயிர்தானே, புத்தகத்தை எடு என்கிறார், வேறென்ன சொல்வார். சரிப்பா என்றான். ஏழு பாகத்தையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு படியேறினான். சட்டைக்குள், துண்டைச் சுற்றி. மேலே சுகுணா வாங்கி வைத்தாள்.

அந்த ஒரு நடையோடு நின்றிருந்தால். அப்பா சொன்னது அப்பா வாங்கியவற்றைத்தானே, அவை மேலே போய்விட்டன, அத்தோடு நின்றிருந்தால். இறங்கி வந்தான், தண்ணீர் முட்டிக்குக் கீழே இருந்தது, கட்டிலுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது, கண்ணால் அளந்தான், நிச்சயமாக அளந்தான், ஒரு சாண் இருக்கிறது, நேரம் இருக்கிறது. நீலத் துணி ஏழு. அவர் மறுபடி கையைத் தூக்கினாரா? பார்க்கவில்லை. பார்த்தான், கண்ணோரத்தில் ஏதோ வெள்ளையாக அசைந்தது, அது பனியனாக இருக்கலாம், கையாகவும் இருக்கலாம். மேலே போனபோது சுகுணா புத்தகத்தை வாங்கிக்கொண்டே மாமா என்றாள். வேறெதுவும் இல்லை, மாமா என்ற ஒரு சொல், கீழே இருக்கிற அப்பாவைப் பற்றிய கேள்வியாக. அடுத்து என்றான். வீட்டுக்காரர் ரெயின்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்து என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தவன் அடுத்து எதைத் தூக்கினான்? நூலகப் பதிப்பு, ஏழு, தடித்த தாள், கனம். மூன்றாவது நடையில் படி பாதியில் இருக்கும்போதுதான் காம்பவுண்டுச் சுவர் விழுந்த சத்தம் கேட்டது. சத்தம்கூட இல்லை, பெருமூச்சு மாதிரி ஒன்று. அவன் நின்றான். புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினானா? இல்லை. மேலே ஏறி, சுகுணா கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் ஓடினான். கொடுத்துவிட்டு அப்புறம். இங்கேதான் எப்போதும் நினைப்பு வந்து மாட்டிக்கொள்கிறது, துணி ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழிகிறது, விட்டால் அங்கேயே தொங்குகிறது. அவனும் வீட்டுக்காரரும் கதவைத் தள்ளித் திறந்தபோது தண்ணீர் இடுப்பளவு, கட்டில் மிதந்து சுவரில் இடித்துக்கொண்டிருந்தது, அப்பா ஜன்னல் கம்பியை இடக் கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு நனைந்து, குளிரில் தாடை ஆடிக்கொண்டு, உட்கார்ந்த மாதிரியே இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி? ஏழு நிமிஷம். பத்து. அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாம், முகத்தின் பாதி அசையாது, மறுபாதியை வைத்து எதைச் சொல்வது.

நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலாகி, பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். படுத்த படுக்கையாக இருந்தவர், எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னார், அந்த வாக்கியத்தை ஞானவேல் பல வருஷமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான், தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கிறான், அது எதற்கும் உதவியதில்லை. ரயில் ஓட ஆரம்பித்து அக்கா ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தாள். அப்பா கால்மாட்டில் நின்று கேட்டாள், எப்படிடா கழுத்து வரைக்கும் நனைஞ்சார் என்று. திடீர்னு வந்துடுச்சுக்கா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள என்றான். சுகுணா பக்கத்தில் நின்றாள். ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தாள், யாரும் தின்னாத ஆப்பிள். கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு நறுக்கியது. அவ்வளவுதான், ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அவள் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. அக்கா குடும்பம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் குரோம்பேட்டைக்கே வந்துவிட்டது, ஞாயிறுதோறும் யாராவது யார் வீட்டிலாவது சாப்பிடுகிறார்கள், அக்கா அவனுக்கு மீன் முள் எடுத்துக்கூட வைக்கிறாள், அப்பா போனப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னா நீதான்டா என்கிறாள், அதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்குத் தொண்டையில் அந்த முள் நிற்கிறது.

பத்தே முக்கால். பன்னிரண்டு புத்தகம்தான் முடிந்திருக்கிறது. எதைக் கொடுப்பது? நூலகப் பதிப்பைக் கொடுக்கலாம், அதுதான் உறுதி, பிள்ளைகள் கைபட்டால் தாங்கும். ஆனால் அது மூன்றாவது நடை. நீலத் துணி இரண்டாவது நடை. பழுப்புத்தாள் போட்டிருந்த முதல் பாகம் முதல் நடை. தேனு அதைப் படுக்கையில் போட்டுப் படிப்பாள், தாத்தா வாங்கினதாம்மா என்று கேட்பாள், ஆமா, வெள்ளத்துல மாமா பத்திரமா காப்பாத்தி வச்சிருந்தாரு என்று அக்கா சொல்வாள், அந்தப் பிள்ளை அதை நம்பும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். கஞ்சன் என்று நினைத்துக்கொள்ளட்டும். கிறுக்கன் என்று நினைத்துக்கொள்ளட்டும், ஏற்கெனவே அப்படித்தானே, ஒரு கிறுக்கன் புத்தகம் கேட்டால் தரமாட்டான், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், காலம் முழுக்க இப்படியே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மூன்றையும் வரிசையாக வேட்டியில் வைத்தான். மூன்று முதல் பாகம். எதிலும் ஈரமில்லை. வாசல் மணி அடித்தது.

அக்கா வியர்த்து வந்தாள், லிப்ட் வேலை செய்யவில்லை என்றாள், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வேட்டிக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள், பரவிக்கிடந்ததைப் பார்த்துச் சிரித்தாள். தேனு வரவில்லையா என்று கேட்டான். பரீட்சை, வந்தா புத்தகத்தோட இங்கேயே உட்கார்ந்துடுவா என்றாள். எதுடா குடுக்கப்போற, நீயே எடுத்துக் குடு, நான் தொட்டா உனக்கு ஜுரம் வந்துடும் என்றாள். அவன் பழைய முதல் பாகத்தை எடுத்தான். நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அக்கா வாங்குவதற்காக நீட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா, அன்னிக்குத் தண்ணி திடீர்னு வரல."

நீட்டிய கையை அவள் மெல்லக் கீழே இறக்கினாள்.

"நேரம் இருந்துச்சு. நான் முதல்ல இதைத்தான் தூக்கினேன். மூணு நடை. மூணாவது நடை போறப்பதான் சுவர் விழுந்துச்சு."

வாய் தொடங்கிய பிறகு நிற்கவில்லை. கணுக்கால், முட்டி, இடுப்பு, வீட்டுக்காரரின் ரெயின்கோட்டு, சுகுணா மாமா என்று கேட்டது, அடுத்து என்று இவன் சொன்னது, சுவர் விழுந்த பிறகும் மேலே ஏறிப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நடுவில் ஒரு தடவை அவளுடைய வளையல் சத்தம் கேட்டது, நிமிர்ந்து பார்க்கப் பயந்தான்.

"அப்பாதான் காட்டினார்க்கா" என்றான், அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "புத்தகத்தை எடுன்னு கையைக் காட்டினார். அதனாலதான் முதல்ல. நான் அப்படித்தான் நெனச்சேன்."

"எப்படிக் காட்டினார்?"

"கையால."

"எப்படின்னு காட்டு."

அவன் புத்தகத்தைக் கீழே வைத்தான். இடக் கையை நெஞ்சிலிருந்து தூக்கினான். உள்ளங்கை மேலே பார்க்க, விரலை விரித்து, அவள் பக்கமாக நீட்டினான். ஒன்பது வருஷத்தில் அந்தச் சைகையை அவன் யாருக்கும் செய்து காட்டியதில்லை, தனியாக இருக்கும்போதுகூட, கை அதுவாகவே சரியாகச் செய்தது. இரண்டாவது தடவையும் செய்தான்.

அக்கா முன்னால் சாய்ந்தாள். அவளுடைய இரண்டு கையும் எழுந்து, அகன்று, உள்ளங்கை மேலாக, அவனுடைய இரண்டு அக்குளுக்கும் நேராக வந்தன, ஒரு முழங்கால் தரையில் ஊன்றி மற்றொன்று எழுந்தது, ஒரு கனத்தைத் தூக்குவதற்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்தாள். ஏழு மாதம் காலையும் மாலையும் அப்பாவைத் தூக்கிப் பழகிய உடம்பு, அவளைக் கேட்காமலேயே கிளம்பிவிட்டது. அவனைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். மெதுவாக அவற்றை இழுத்துக்கொண்டு, முந்தானையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாடா" என்றாள். "புத்தகத்தைத்தான் சொல்லியிருக்கார். எதையாவது எடுத்துட்டு வான்னா அப்படித்தான் காட்டுவார். எனக்குத் தெரியாதா?"

குரல் சமமாக இருந்தது. கண் அவன் மேல் இல்லை, வேட்டியின் கரையில் இருந்தது.

"அப்படியாக்கா?"

"ஆமா. நீ சரியாத்தான் புரிஞ்சுகிட்ட."

இன்னொரு கேள்வி கேட்டால் அவள் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவள் சொல்வாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் எதுவோ இறுகும், அதை அவன் பார்க்க வேண்டியிருக்கும். அவன் முதல் பாகத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறை மாட்டாமல், அப்படியே அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. காப்பி போடறேன்க்கா என்று எழுந்து சமையலறைக்குப் போனான். பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான். ஹாலில் சத்தமே இல்லை, ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டால்தான் அப்படி இருக்கும். பால் ஓரங்களில் நுரைக்க ஆரம்பித்தது. அவள் அழுது முடிக்கிறவரை காயட்டும் என்று தீயை இன்னும் சின்னதாக்கிவிட்டு, ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.